கல்லு என்றதும் பின்னுக்குப் போன கை

எங்கள் நாரந்தனை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைத் தெருவில் கண்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மாமா, பிளேன் மலையில முட்டப் போனா அக்கா என்ன செய்வா?" என் மகள் பயணிகள் விமானத்தில் இரண்டாவது விமானி. அதனால் எனக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். அந்தச் சோதனையும் சரிவரவில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தெருவில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகளே, ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் என் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து பக்கத்துத் தீவுகளுக்குச் சாமான் ஏற்றுகிற சின்ன இயந்திரப் படகு அது. சீமெந்து, வெங்காயம், மாட்டுக்கு வைக்கோல், சில நாட்களில் மாடும். பின்பக்கத்தில் நான் இருப்பேன். வலது கையில் சுக்கான். இடது கையில் இயந்திரத்தின் பிடி. பிடியை முன்னுக்குத் தள்ளினால் வேகம் கூடும், பின்னுக்கு இழுத்தால் குறையும். படகின் முன்முனையில், அணியத்தில், என் மனைவியின் தம்பி, என் மச்சான், நிற்பார். அவருக்குக் கண் கூர்மை. வாயும் அப்படித்தான்.

எங்கள் கடல் ஆழமில்லாதது. நீலமாகத் தெரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே முழங்கால் தண்ணீரில் கல் கிடக்கும். அணியத்தில் நிற்பவர் கல்லைக் கண்டால் இடமா வலமா என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கமாட்டார். கையிலிருக்கிற தடியால் படகில் அடித்து, "கல்லு! கல்லு!" என்று கத்துவார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பின்னால் இருப்பவர் பிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஏன், எங்கே என்ற கேள்வியெல்லாம் படகு நின்ற பிறகு. நின்றால் பார்க்கலாம், தடியால் குத்தி ஆழம் அறியலாம், மெல்ல ஒதுக்கிக்கொண்டு போகலாம். எங்கள் பக்கத்துப் படகுக்காரர் எல்லாருக்கும் இது கையில் ஊறின பழக்கம்.

என் மகளுக்கும் ஊறியது. அவள் எனக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் படகில்தான் இருப்பாள். கவிழ்த்து வைத்த வாளியில் அவளை இருத்தி, அவள் கையைப் பிடியில் வைத்து, அதற்கு மேலே என் கையை வைத்துக்கொள்வேன். மாமன் கத்தினால் இரண்டு கையும் சேர்ந்து பின்னுக்கு வரும். பிறகு பிறகு என் கை தேவைப்படவில்லை.

அந்தப் பிள்ளை எப்படி வானத்துக்குப் போனாள் என்பது பெரிய கதை. கனடாவில் இருக்கிற என் தம்பி படிப்பித்தான், அவள் விடாமல் படித்தாள், வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. அவ்வளவு இங்கே போதும். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர். பின்னேரம் படகைக் கட்டிவிட்டு வருவேன். கேற் திறக்கிற சத்தத்துக்கு உள்ளேயிருந்து "அப்பா" என்று ஒரு குரல் வரும் என்று காது காத்திருக்கும். வராது என்று தெரியும். காதுக்கு அது தெரியாது. வருடத்துக்கு ஒரு தரம் லீவில் வருவாள். வந்த அன்றைக்கே நான் மனதுக்குள் அவள் திரும்பிப் போகிற நாளை நினைக்கத் தொடங்கிவிடுவேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

போன வருடம் அவள் லீவு இல்லாத காலத்தில் வந்தாள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. சந்தோசத்தில் கேட்க மறந்துவிட்டோம் என்பதுதான் உண்மை. அடுத்த நாள் குசினியில் தாய் தேங்காய் திருவிக்கொண்டிருக்க, வாசல்படியில் இருந்துகொண்டு அவளே சொன்னாள்.

"அம்மா, நான் சோதினையில கோட்டை விட்டுட்டன்."

"என்ன சோதினை? நீதான் எல்லாம் படிச்சு முடிச்சனியே?"

"எங்களுக்கு ஒவ்வொரு வருசமும் சோதினை இருக்கு அம்மா. வேலை செய்யிறவைக்கும்."

நிலத்திலேயே ஒரு அறை இருக்கிறதாம். உள்ளே போனால் உண்மையான விமானத்தின் முன்பக்கம் போலவே எல்லாம் இருக்குமாம். ஆடும், குலுங்கும், கண்ணாடிக்கு வெளியே முகிலும் மழையும் தெரியும். பக்கத்து இருக்கையில் இன்னொரு விமானி, பின்னால் சோதகர். வராத ஆபத்தையெல்லாம் அங்கே வரவழைத்து, என்ன செய்கிறாய் என்று பார்ப்பார்களாம்.

அவளுக்கு வந்தது மலை. மலைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறாள். வெளியே முகில், ஒன்றும் தெரியாது. விமானத்துக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது. உலகத்து மலை எல்லாவற்றின் வரைபடமும் அதற்குள் உண்டு. கீழே நிலம் எவ்வளவு கிட்ட என்பதையும் அது அளந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பிழையாகப் போனால் முதலில் கவனம் என்று சொல்லும். அந்த நேரம் பாதையைத் திருத்திக்கொள்ளலாம். உண்மையாகவே முட்டப் போகிறது என்றால் கத்தத் தொடங்கும். "ரெறெயின், ரெறெயின்! புல் அப்! புல் அப்!" ரெறெயின் என்றால் நிலம். புல் அப் என்றால் மேலே இழு.

"அப்ப என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

"தானாப் பறக்கிற பொறியை நிப்பாட்டவேணும். இடது கையால இஞ்சின் பிடி ரெண்டையும் முன்னுக்கு, போகக்கூடிய மட்டும் தள்ளவேணும். அதே நேரம் வலது கையால மூக்கை மேல இழுக்கவேணும். இறக்கைச் செட்டை சரிஞ்சிருந்தா நேராக்கவேணும். இறங்கேக்க வேகம் குறைக்கச் செட்டைக்கு மேல தகடு எழும்பி நிக்கும், அது மடிஞ்சு போச்சோ எண்டு பாக்கவேணும். பிறகு மலை போற வரைக்கும் ஏறவேணும். அவ்வளவுதான்."

"உனக்கு எல்லாம் பாடமாய்த்தானே இருக்கு. பிறகென்ன?"

அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பின்னுக்கு இழுத்திட்டுது அப்பா. சத்தம் கேட்டவுடன இஞ்சின் பிடியைப் பின்னுக்கு எடுத்திட்டுது. ஒரு மூச்சு நேரம்தான். விளங்கி முன்னுக்குத் தள்ளினனான். ஆனா அதுக்குள்ள மலை வந்திட்டுது. கண்ணாடி முழுக்கச் சிவப்பாகி எல்லாம் நிண்டிட்டுது."

படகு நின்றால் மிதக்கும், விமானத்துக்கு அப்படி இல்லை. வேகம் குறைந்தால் அதற்கு ஏறுகிற பலம் போய்விடும். இதை எனக்கு அவள் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"இன்னொரு தரம் சோதிப்பினம். அதிலயும் விட்டா வேலை இல்லை. இஞ்ச வந்து உங்களோடதான் இருப்பன்."

திருவலையில் தாயின் கை நின்றது. "இஞ்ச வந்து இருக்கிறது அவ்வளவு பாவமோ?" என்றாள்.

என் மனமும் அதைத்தான் கேட்டது என்பதை மறைத்து எழுதமாட்டேன்.

அன்று பின்னேரம் விறாந்தையில் இரண்டு கதிரையைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். நடுவில் பால்மாத் தகர ரின்னொன்றில் மணல் நிரப்பி இரண்டு அகப்பையைக் குத்தி வைத்தாள். அவைதான் இஞ்சின் பிடிகள். வலது கதிரையில் அவள், இடது கதிரையில் நான். நான்தான் மற்ற விமானி. அந்த இயந்திரத்தின் குரலுக்கு ஆள் வேண்டும். தேத்தண்ணி குடிக்க வந்த மச்சானைப் பின்னால் நிற்க வைத்தாள்.

"மாமா, நீங்கள்தான் மெசின். நான் இறங்கிக்கொண்டு கதைச்சுக்கொண்டிருப்பன். நினையாத நேரத்தில கத்தவேணும்."

"கத்திறது எனக்குப் புது வேலையோ?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, "ரெறெயின்! ரெறெயின்! புல் அப், பிள்ளை!" என்றார்.

அகப்பை இரண்டும் முன்னுக்குப் போயின. வலது கை இல்லாத ஒன்றைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தது. வாய் மளமளவென்று ஆங்கிலத்தில் சொன்னது. எல்லாம் சரி.

"மாமா, மெசின் பிள்ளை எண்டு சொல்லாது."

"நல்ல மெசின் எண்டாச் சொல்லும்."

என் வேலை என்னவென்றால், அவள் செய்ததைச் சரிபார்க்க வேண்டும். பிடி முழுக்க முன்னுக்குப் போனதா, செட்டை நேரா, தகடு மடிந்ததா. ஏதாவது விட்டிருந்தால் உடனே சொல்ல வேண்டும். பிறகு உயரம் கூடுகிறதா குறைகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான், "ஏறுது பிள்ளை, ஏறுது, நல்லா ஏறுது" என்றேன்.

"அப்பா, என்ன பாத்துச் சொல்லுறியள்?"

"உன்ர முகத்தை."

"முகத்தைப் பாக்காதேங்கோ. இறங்கினா இறங்குது எண்டு சொல்லுங்கோ. நான் சந்தோசப்படுறதுக்காக ஏறுது எண்டு சொல்லாதேங்கோ. அப்பிடிச் சொன்னா ரெண்டு பேரும் போயிடுவம்."

குசினியிலிருந்து தாய் எட்டிப் பார்த்தாள். "கறிக்கு அகப்பை தேடினா அது விமானத்தில நிக்குது. மலையைத் தாண்டினாப் பிறகு ஒண்டைத் தாங்கோ."

நான் மகளிடம் கேட்டேன். "எல்லாம் சரி, மலை இல்லாமல் மெசின் சும்மா கத்தினா?"

"முகிலுக்குள்ள நிண்டு அதை யோசிக்கக்கூடாது. முதல் ஏறவேணும். பேந்து கேக்கலாம்."

"உன்ர கொம்மாவும் அப்பிடித்தான்" என்றார் மச்சான். "கத்தினா முதல் எழும்பு. ஏன் எண்டது பிறகு."

"எனக்குக் கேக்குது" என்றாள் குசினிக்குள் இருந்தவள்.

இப்படிப் பல நாள் பழகினோம். கதிரையில் அவள் கை ஒரு தரமும் பிழை விடவில்லை. மச்சான் கொட்டாவி விட்டுக்கொண்டு கத்தினாலும் பிழைக்கவில்லை, சாப்பாட்டுக்கு நடுவில் கத்தினாலும் பிழைக்கவில்லை. சோறு பிசைந்த கையோடு பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை முன்னுக்குத் தள்ளிக் கவிழ்த்துவிட்டாள். இனிப் பயமில்லை என்று நினைத்தோம்.

ஒரு காலை எழுவைதீவுக்குச் சீமெந்து ஏற்ற இருந்தது. "நானும் வாறன் அப்பா" என்றாள். பழைய இடத்தில் இருந்தாள். வாளி இப்போது அவளுக்குச் சிறிது. வலது கையில் சுக்கான், இடது கையில் பிடி. நான் சீமெந்துப் பைகளுக்கு மேலே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் முகத்தில் பட, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினாள். இப்படியே ஒவ்வொரு நாளும் இருந்தால் என்ன குறை என்று எனக்கு இருந்தது.

தீவுக்குக் கிட்டப் போனபோது மச்சான் தடியால் அடித்தார். "கல்லு! கல்லு!" அது விளையாட்டில்லை, உண்மையான கல்.

அவள் கை பின்னுக்கு வந்தது. என்ன அழகான இழுப்பு. படகு தலையைத் தாழ்த்தி நின்றது. கல் ஒரு முழம் தள்ளிப் பச்சையாய்க் கிடந்தது. இத்தனை வருடமாகியும் மறக்கவில்லையே என்று எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. மச்சானும் திரும்பி, "கை அப்பிடியே இருக்கு அத்தான்!" என்று சிரித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்க அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் அப்பா. அங்கயும் இதே மாதிரித்தான் வந்தது. நான் நினைக்கேல்லை, தானா வந்தது. கதிரையில மாமா கத்தினா அது மாமா எண்டு எனக்குத் தெரியும். அங்க குலுங்கிற நேரம், உண்மையா ஒண்டு வருது எண்டு நினைக்கேக்க, நான் இஞ்சதான் நிக்கிறன்."

சிரிப்பு எங்களுக்கு நின்றுவிட்டது. தீவில் மூன்று பேருமாய்ச் சீமெந்தை இறக்கி முடித்தோம். திரும்பி வரும்போது அவள்தான் கேட்டாள். "அப்பா, நாளைக்குச் சும்மா படகை ஆழத்துக்குக் கொண்டு போவமோ? மாமா கல்லு எண்டு கத்தட்டும். நான் முன்னுக்குத் தள்ளிப் பழகப் போறன்."

எனக்கு உடனே ஓம் என்று வரவில்லை. டீசல் இருக்கிறதோ பார்ப்போம் என்றேன். டீசல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். மச்சான் முதலே எல்லாம் சொல்லிவிட்டார் போல.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன். நீங்கள் பிள்ளையை இருக்கப் பழக்கிறியளோ, போகப் பழக்கிறியளோ?"

"நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்தக் கை அப்பிடியே இருந்தா அவள் இஞ்ச இருப்பாள். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. அதைத்தான் சொல்லுறன்."

அவள் சொன்னதில் பிழையில்லை. நான் கெடுக்கத் தேவையில்லை, காற்று அதிகம் என்று இரண்டு நாள் படகைக் கட்டி வைத்தால் போதும். சோளகக் காற்று உண்மையாகவே எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, அவள் வேலை போய் வீட்டுக்கு வந்து இருக்கிற ஒரு பின்னேரத்தை நினைத்துப் பார்த்தேன். கேற் திறக்கிறேன், உள்ளே அவள் இருக்கிறாள். அதுவரைக்கும் நன்றாக இருந்தது. அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்தபோது அவள் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விடிய வெள்ளணப் போறம்" என்றேன். மனைவி அரிசியைக் களைந்தாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப ரெண்டு போத்தில் தண்ணி கூடக் கொண்டு போங்கோ" என்றாள்.

கல் இல்லாத ஆழமான இடமொன்று எங்களுக்குத் தெரியும். விடிந்த கையோடு அங்கே போனோம். மகள் பின்னால், நான் அவளுக்குப் பக்கத்தில், மச்சான் அணியத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் நேரே ஓட்டிக்கொண்டிருப்பாள், அவர் விரும்பின நேரம் தடியால் அடித்துக் கத்துவார்.

"கல்லு!"

கை பின்னுக்கு வந்தது.

"கல்லு! கல்லு!"

மீண்டும் பின்னுக்கு.

அவர் "ரெறெயின்" என்று கத்தினால் முன்னுக்குப் போகும். தடிச் சத்தத்தோடு "கல்லு" என்றால் பின்னுக்குத்தான். இங்கே கல் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வந்தது. வெயில் ஏறியது. மச்சானுக்குத் தொண்டை கட்டியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்கட கை."

குனிந்து பார்த்தேன். என் இடது கை மடியில் விரல் மடக்கி, பின்னுக்கு இழுத்தபடி இருந்தது. மச்சான் கத்துகிற ஒவ்வொரு தரமும் நானும் இழுத்திருக்கிறேன். உடம்பையும் பின்னுக்குச் சாய்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்குமா?

"அப்ப முதல் நீங்கள் பழகுங்கோ" என்றாள்.

எழும்பி எனக்கு இடம் விட்டாள். நான் பிடியில் கையை வைத்தேன். என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். மச்சான் கத்தினார். என் கை பின்னுக்கு வரப் பார்த்தது, அவள் விடவில்லை. உள்ளங்கையால் அமத்தி முன்னுக்குத் தள்ளினாள். இயந்திரம் உறுமியது, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கல் என்ற சொல்லைக் கேட்டு முன்னுக்குப் பாய்வது என் வாழ்நாளில் அதுதான் முதல் தரம்.

"இன்னொருக்கா" என்றாள்.

எத்தனை தரமென்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் என் கையும் அவள் கையும் ஒன்றாகவே போயின, யார் தள்ளியது என்று தெரியாமல். பிறகு நான் எழும்பி அவளை இருத்தினேன். இந்த முறை நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மச்சான் சும்மா கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாட்டொன்றைக்கூட முணுமுணுத்தார். பாட்டுக்கு நடுவில் தடியால் ஓங்கி அடித்தார்.

"கல்லு! கல்லு! கல்லு!"

அவள் கை முன்னுக்குப் போனது, போகக்கூடிய மட்டும். படகு எழும்பின எழும்பலில் மச்சான் நிலை தவறி, தடியும் தானுமாய்ச் சாக்குக் குவியலுக்குள் விழுந்தார்.

"அப்பா, மெசின் விழுந்திட்டுது!" என்று அவள் கத்தினாள்.

"மெசினுக்கு முதுகு போச்சு" என்றார் சாக்குக்குள் கிடந்தவர். "மலை போயிட்டுதோ எண்டு பாருங்கோ முதல்!"

நான் என் வேலையை மறக்கவில்லை. "ஏறுது" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, படகின் மூக்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மதியம் துறைக்குத் திரும்பினோம். திரும்பும்போது நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் இருந்து கரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துறை தெரியத் தொடங்கியபோது சொன்னாள்.

"அப்பா, இனி நான் இந்தப் பிடியைப் பிடிக்கக்கூடாது."

"சோதினை முடியும் வரைக்கும் பிடியாதை."

"அதுக்குப் பிறகும்தான். ஒரு கைக்கு ரெண்டு பழக்கம் வேண்டாம். லீவில வந்தா முன்னுக்கு மாமாவோட நிண்டு கல்லுப் பாக்கிறன்."

நான் ஓம் என்றேன். அதைச் சொல்ல இடமோ நேரமோ தேடாமல் உடனே சொன்னேன். சொல்லிவிட்டுப் படகை வளையத்தில் கட்டும்போது கயிறு இரண்டு தரம் வழுக்கியது. அந்த இருக்கையில் நான் இல்லாத காலத்திலும் அவள் இருப்பாள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. அது போகும்போதுதான் இருந்தது தெரிந்தது.

அவள் திரும்பிப் போனாள். சோதனை நாளன்று நான் படகு எடுக்கவில்லை. போன் சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது. அடித்தபோது தாய்தான் எடுத்தாள், எடுத்து என்னிடம் தந்துவிட்டாள்.

"அப்பா, மலை வந்தது."

"கை?"

"முன்னுக்கு. நான் நினைக்க முதலே முன்னுக்கு. மற்ற விமானி எல்லாத்தையும் சரிபார்த்துச் சொன்னவர். தகடு மடிக்கிறதையும் மறக்கேல்லை. மலைக்கு மேலால போனம் அப்பா."

"நல்லது பிள்ளை" என்றேன். போனைப் பக்கத்தில் நின்ற மச்சானிடம் கொடுத்தேன். அவர் "ரெறெயின்!" என்று கத்தினார். அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. தாய் சுவாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, அப்படியே அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்கிறாளோ கோபிக்கிறாளோ என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கூடிவிட்டது. இந்த வருடம் லீவு தள்ளிப் போனது. பிறகு ஒரு நாள் சொன்னாள், தன் விமானம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வருகிறது, ஆனால் ஒரு மணித்தியாலம்தான் நிற்கும், ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு உடனே திரும்பிவிடும், தான் வெளியே வர ஏலாது என்று. "வீணா அலையாதேங்கோ" என்றாள். நாங்கள் முதல் நாள் இரவே பஸ் ஏறிவிட்டோம். மனைவி பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு பையில் வைத்துக்கொண்டாள். கொடுக்க ஏலாது என்று நான் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

விமான நிலையத்து வேலிக்கு வெளியே, கடல்நீர்க் களப்பு ஓரமாக ஒரு சின்னத் தெரு, ஒழுங்கை, இருக்கிறது. இறங்குகிற விமானங்கள் களப்புக்கு மேலால் வந்து, அந்த ஒழுங்கையைக் கடந்துதான் உள்ளே போகும். எங்களைக் கொண்டு போய் விட்ட ஆட்டோக்காரத் தம்பிக்கும் ஆசை பிடித்துவிட்டது. எங்களோடேயே நின்று, ஒவ்வொரு விமானத்துக்கும் "இதா ஐயா? இதா?" என்று கேட்டார். அவள் சொன்ன நேரம் பிந்தியது. பிறகு வாலில் அந்த நிறத்தோடு ஒன்று களப்புக்கு அப்பால் தெரிந்தது.

பிள்ளைகளே, நான் அது வரைக்கும் விமானம் இறங்குவதை இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. அது வருவது போலவே தெரியாது, ஓரிடத்தில் நின்று பெருப்பது போல இருக்கும். உள்ளே அந்த இயந்திரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் மனைவி மெல்லிய குரலில், "இறங்கு பிள்ளை, இறங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அவ்வளவு நாளும் ஏறு ஏறு என்று நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு அவள் அதைச் சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேலால் பெரிய சத்தத்தோடு போய், வேலிக்கு அந்தப் பக்கம் சில்லு நிலத்தில் பட்டுப் புகை எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"வேலிக்கு வெளியில."

"சொல்லச் சொல்லக் கேக்கமாட்டியளே. அம்மாவும் வந்தவவோ? பையில என்ன?"

"பை இருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று தாய் போனைப் பறித்தாள்.

"பை இல்லாம நீங்கள் எங்க போனனீங்கள் அம்மா?"

தாயும் மகளும் கதைத்தார்கள். எனக்குத் திரும்பி வரும்போது அங்கே அவளை யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, வேலை இருக்கு, வைக்கிறன். நல்லா இறக்கினனானோ?"

"நல்லா இறக்கினனீ" என்றேன்.

திரும்பி எழும்பும்போதும் எங்கள் தலைக்கு மேலால் வரும் என்று காத்திருந்தோம். காற்று அப்படி இல்லை போல. ஓடுபாதையின் மற்றப் பக்கத்தால் எழும்பிப் போனது. தென்னைகளுக்கு மேலே கொஞ்ச நேரம் வால் தெரிந்தது, பிறகு முகில். ஏறுகிறதா என்று நான் பார்த்தேன். ஏறியது.

மனைவி பையை அவிழ்த்து ஆட்டோக்காரத் தம்பியிடம் நீட்டினாள். "எடுங்கோ தம்பி. மகளுக்குச் சுட்டது." அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொண்டு போகலாமா என்று கூச்சத்தோடு கேட்டார்.